மாதா காலடியில் ஒரு முன்குறி

என் அக்கா வீட்டில் மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது. புளியங்கொட்டையை விடச் சிறியது. மேல்பாதி தகடு போல மெலிந்து நிமிர்ந்திருக்கும், அடிப்பாதி இரண்டு பக்கமும் விரிந்து உட்கார்ந்திருக்கும். ராயபுரத்துக் கடற்காற்றில் இரும்பு என்று எதை வைத்தாலும் துரு தின்றுவிடும், எங்கள் ஜன்னல் கம்பிகளே அதற்குச் சாட்சி. இந்தத் துண்டு மட்டும் பதினைந்து வருடமாகக் கறுப்பு மாறாமல் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் மெழுகுவத்தி ஏற்றும்போது அக்கா அதை எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைப்பாள். ஒருமுறை வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது என்னம்மா, யாராவது புனிதருடைய பண்டமா?" என்று கேட்டார். "இல்ல ஃபாதர், பிஸ்டலோட முன்சைட்டு" என்றாள் அக்கா. அவர் சட்டென்று கீழே வைத்துவிட்டு, அந்த மூலைக்கு மட்டும் இன்னொரு தடவை தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் தனியாக அந்தத் துண்டைப் பார்க்கும்போது எனக்கு வருவது சிரிப்பல்ல, கோபம். இடையில் கல்யாணம் வந்தது, குழந்தைகள் வந்தார்கள், அப்பா போய்ச் சேர்ந்தார், வெள்ளம் வந்து கட்டில் வரை நனைத்துவிட்டுப் போனது. கோபம் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. வயசானால் ஆறிவிடும் என்று அம்மா சொல்வாள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

துப்பாக்கி பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிஸ்டல் குழலின் நுனியில், மேல்பக்கம் நிற்கிற சின்ன மேடுதான் முன்குறி, அக்கா சொன்ன முன்சைட்டு. பின்னால், கைப்பிடிக்கு மேலே, பள்ளம் வெட்டிய ஒரு தகடு இருக்கும். அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் முன்குறி தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் குழல் நேராக நிற்கிறது என்று கண் நம்பிக்கொள்ளும். சுடுகிறவரால் குண்டு போகிற வழியைப் பார்க்க முடியாது. அவர் நம்பி நிற்பது இந்தத் துண்டை மட்டும்தான். அதனால் அதைக் குழலில் பொருத்துவது விளையாட்டு வேலை அல்ல.

நான் டூல்ரூமில் வேலை பார்ப்பவன், இரும்பை இரும்போடு சேர்ப்பதுதான் என் பிழைப்பு. பழைய பிஸ்டல்களில் முன்குறியைப் பல விதமாக நிறுத்தியிருப்பார்கள். சிலவற்றில் குழலும் குறியும் ஒரே இரும்பில் கடைந்தெடுத்தது, அறுத்தால்தான் பிரியும். சிலவற்றில் குழல் மேல் நீளவாக்கில் காடி என்கிற வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் வெட்டி, அதில் தகட்டை நிறுத்தி, குறுக்கே ஊசி மாதிரி ஒரு பின் அடித்திருப்பார்கள். சிலவற்றில் வெள்ளி கலந்த பொடி வைத்துப் பற்றவைத்திருப்பார்கள், நகைப் பட்டறையில் தோட்டுக்குத் தண்டு பற்றவைப்பது போல. இன்னும் சிலவற்றில் குழலுக்குக் குறுக்கே ஒரு காடி இருக்கும், அடி அகலமாகவும் வாய் குறுகலாகவும். அதே போல அடி விரிந்த குறியை அதில் பக்கவாட்டில் செருகித் தட்டி இறுக்குவார்கள். லேத்தில் டூல் நகர்கிற பாதையும் இந்த வடிவம்தான், டவ்டெயில் என்போம். எங்கள் கிளப்பில் இருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பிஸ்டலில் இப்படித்தான் இருந்தது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. காடியின் வலப்பக்கம் மயிரிழை அகலம், இடப்பக்கம் மயிரிழை குறுகல். வலப்பக்கம் நுழைந்த குறி இடப்பக்கம் போகப் போக இறுகும். கழற்ற வேண்டுமானால் இடப்பக்கமிருந்து தட்டி, வந்த வழியே அனுப்ப வேண்டும். முன்னே தள்ளினாலும் மேலே தூக்கினாலும் அது வராது. அசைந்தால் பக்கவாட்டில்தான் அசையும். நான் கோபப்படுவதற்கான காரணம் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. அப்போது நான் அங்கே டூல்ரூமில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அக்கா பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட். ஒரே கம்பெனி, ஒரே சைரன், ஆனால் நாங்கள் ஒரே கேட்டில் நுழைய முடியாது. பெர்மனென்ட் ஆட்களுக்குப் பெரிய கேட், கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. சந்தில் போகிறவர்களுடைய பையைத் திறந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, குழம்பு வரைக்கும் கிளறிப் பார்ப்பார்கள். காசிமேட்டில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு இடுப்பு போய்விட்ட நேரம் அது. அக்காவை எப்போது வேண்டுமானாலும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லலாம் என்ற நிலையில்தான் எங்கள் வீட்டில் உலை ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருந்தது. வெள்ளைக்கார மேனேஜர்கள் ஆரம்பித்து வைத்தது, பின்னால் நம் ஆட்கள் நடத்தினார்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டுப் பரிசு வாங்கியவள் என்பதால் அக்காவுக்கும் அதில் இடம் கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கம்பெனிகளுக்கு இடையே நடக்கிற பிஸ்டல் போட்டிக்கு டீமில் ஒரு இடம் காலி, அதில் தேர்வாகிறவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெர்மனென்ட் ஆவார். அக்கா அதைப் படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான். "பெரிய கேட்டுல பூந்து வர்றேன் பாரு."

அன்றிலிருந்து சாயங்காலமானால் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டுக் கரிப் பெட்டியை, அதுதான் துணி தேய்க்கிற பழைய இஸ்திரிப் பெட்டியை, ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிப்பாள். அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம். நாணயம் விழக் கூடாது. கை கல்லாக நிற்கும், கழுத்து நரம்பு மட்டும் துடிக்கும். எதிர் மாடியில் துணி உலர்த்துகிற மரியம் அக்கா விடமாட்டார். "இன்னாடி இது, தெனிக்கும் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கினு நிக்கிறே. நிறுத்த மாட்டேன்றானா?" என்பார். "நம்ம ரூட் பஸ்ஸு லேட்டுக்கா. வந்துடும்" என்பாள் அக்கா, கண்ணை நாணயத்திலிருந்து எடுக்காமல். அந்தக் கையைத்தான் பிற்பாடு நடுங்குகிற கை என்று சொன்னார்கள்.

சொன்னவர் கிளப் செயலாளர். கம்பெனியில் ஆள் எடுக்கிற, அனுப்புகிற பிரிவில் பெரிய அதிகாரி. அவர் ஒருநாளும் யாரிடமும் கத்தியதில்லை. எல்லாப் பெண்களையும் அம்மா போட்டுத்தான் கூப்பிடுவார். வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட, உட்காருங்கள் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்துவார் என்று சொல்வார்கள். கத்துகிற மனிதனிடம் திருப்பிக் கத்தலாம். இந்த மாதிரி ஆட்களிடம் என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தேர்வுக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை வந்தது. மற்ற இடங்களில் ஸ்பேனருக்கும் லேத்துக்கும் பொட்டு வைப்பார்கள், எங்கள் கிளப்பில் நிஜமாகவே ஆயுதத்துக்குப் பூஜை. சிவப்புத் துணி விரித்து, துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, சந்தனம், குங்குமம், பொரி, கடலை, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய். அந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்ததால், வெள்ளைக்காரன் பிஸ்டல் நடுவில் பளபளவென்று இருக்க வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஆயுத அறைச் சாவி வைத்திருந்தவரை நாங்கள் ஆயுத அண்ணன் என்று கூப்பிடுவோம். பாவம், அவர் துப்பாக்கியைப் பூட்டி வைக்கத் தெரிந்தவரே தவிர, பழுதுபார்க்கத் தெரிந்தவர் அல்ல. மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாகத் தேய்த்தவர், காடிக்குள் அழுக்கு இருக்கிறதே என்று முன்குறியைக் கழற்றப் பார்த்தார். வலப்பக்கமிருந்து தட்டிவிட்டார். நுழைந்த வழியே வர வேண்டியது, குறுகலான பக்கத்தைச் சுரண்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து விழுந்தது. திருப்பிச் செருகினால் பல் விழுந்த கிழவன் வாயில் வெற்றிலை மாதிரி ஆடுகிறது. அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. செயலாளர் பார்த்தார், குழாய் உடைந்தால் பிசைந்து அப்புகிற சாந்தை எடுத்து ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். மேலே கறுப்பு மை பூசி, அதன் மேல் சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, பூஜையை முடித்தார்கள்.

இதை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது. கிளப்பைத் தாண்டினால் டூல்ரூம். அங்கே கொண்டுவந்திருந்தால், காடியின் அடியில் சென்டர் பஞ்ச்சை வைத்து நாலு புள்ளி தட்டி, இரும்பை லேசாக எழுப்பி, குறியை வலப்பக்கமிருந்து செருகி இறுக்கிக் கொடுத்திருப்போம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. பூஜை முடிந்த பிறகாவது கொண்டுவந்திருக்கலாம். பொட்டு வைத்து மறைத்ததோடு அவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

அக்காவுக்குத் தீரவில்லை. பொரி வாங்கப் போனவள் பிஸ்டலைக் குனிந்து பார்த்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "முன்சைட்டைச் சாந்து வெச்சு ஒட்டிக்கிறானுங்கடா. பொட்டுக்குக் கீழ சாம்பலா தெரியுது" என்றாள். மறுநாளே செயலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர், "பூஜைக்குப் பாலிஷ் போட்டதும்மா, வேற ஒண்ணும் இல்ல. நீ பிராக்டிஸைப் பாரு" என்று அனுப்பிவிட்டார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோற்ற பிறகு சாக்குச் சொன்னாள் என்று பின்னால் ஊரெல்லாம் பேசினார்கள். அவள் முன்னாலேயே சொன்னாள்.

தேர்வு கிளப்புக்குப் பின்னால், மண்மேட்டுக்கு எதிரே நடந்தது. கிளப்பில் இருந்தது இரண்டே பிஸ்டல். ஒன்று புதுசு, இன்னொன்று இது. சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்கு இது வந்தது. அதில் சூது எதுவும் இல்லை, சீட்டை எடுத்தது அவளே. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நடந்து போய் இலக்கு அட்டையைப் பார்க்கலாம். முதல் சுற்றில் அக்காவின் ஓட்டைகள் கறுப்பு வட்டத்தின் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இரண்டாவது சுற்றில் அந்தக் கூட்டம் அப்படியே கலையாமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருந்தது. மூன்றாவது சுற்றில் இன்னும் வலப்பக்கம். சர்க்கரை டப்பாவுக்குப் போகிற எறும்பு மாதிரி ஒரே வரிசை. குறி காடியில் இடப்பக்கம் நகர்ந்தால், அதைப் பள்ளத்தின் நடுவில் கொண்டுவர சுடுகிறவர் தன்னையறியாமல் குழலை வலப்பக்கம் திருப்புவார், குண்டு வலப்பக்கம் போகும். நடுங்குகிற கை நாலு பக்கமும் தெளிக்குமே தவிர ஒரே கோட்டில் நடக்காது. இதைப் புரிந்துகொள்ள டூல்ரூம் அனுபவம் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

அக்கா பிஸ்டலை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். ஆயுதத்தில் கோளாறு என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. செயலாளர் வந்தார்.

"சார், முன்சைட்டு நகர்து சார். ஒரு தபா பாத்துட்டுக் குடுங்க."

அவர் பிஸ்டலை எடுத்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார், நகத்தால் குறியைச் சுண்டினார். "இது வெள்ளைக்காரன் செஞ்ச பிஸ்டல்மா. இத்தனை வருஷமா நகராதது உனக்கு மட்டும் நகருமா? வெப்பன்ல ஒண்ணும் இல்ல. கைதான் நடுங்குது. டென்ஷன். மூச்சை நல்லா இழுத்து விடு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆயுத அண்ணன் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கயிற்றுக்குப் பின்னால் நின்றபடி, "சார், அட்டையைப் பாருங்க சார், எல்லாம் ஒரே பக்கமாப் போவுது" என்று கத்தினேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் பேசக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். நான் வெளியே போய்ச் சுவர் மேல் ஏறிக்கொண்டேன். அக்கா திரும்பவும் கையை நீட்டினாள். இந்தத் தடவை வட்டத்தில் குறி வைக்கவில்லை. வட்டத்துக்கு இடப்பக்கம் வெறும் வெள்ளைத் தாளில் குறி வைத்தாள், எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு. வெள்ளையில் குறி வைத்துக் கறுப்பில் அடித்தாள். கடைசிச் சுற்று முழுக்கக் கறுப்புக்குள் விழுந்தது. இருந்தாலும் நடுச் சுற்றுகளில் போன மார்க் போனதுதான். அட்டையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

அடுத்து அதே பிஸ்டலை எடுத்தவர் ஒரு சூபர்வைசர். முதல் குண்டிலேயே டிக்கென்று ஒரு சத்தம். முன்குறி தெறித்து சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது. செயலாளர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. "வெப்பன் ஃபால்ட். இவருக்கு அந்தப் புதுப் பிஸ்டலைக் குடுங்க, முதல்லேருந்து ஆரம்பிக்கட்டும்" என்றார். சூபர்வைசர் கையைத் தூக்கவே இல்லை. கேட்கவே இல்லை. அவருக்கு வெப்பன் ஃபால்ட், அக்காவுக்குக் கை நடுக்கம். ஒரே பிஸ்டல், ஒரே காடி, ஒரே சாந்து.

"அப்ப எனக்கு சார்?" என்று கேட்டாள் அக்கா.

"நீதான் முடிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சேம்மா. ரூல் அப்படி."

ஆயுத அண்ணன் குறியை எடுக்கக் குனிந்தார். "அது கிடக்கட்டும், குப்பை. முதல்ல இவரைப் பாருங்க" என்றார் செயலாளர். எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். குப்பையை அக்கா எடுத்துக்கொண்டாள். உடைந்த சாந்தும், அதில் காய்ந்த குங்குமமும் அப்போதும் அதில் ஒட்டியிருந்தன.

அந்த சூபர்வைசருக்குத்தான் இடம் கிடைத்தது. அவர் ஏற்கெனவே பெர்மனென்ட், அவருக்கு அந்த வேலை தேவைகூட இல்லை. ஒதுக்கீட்டு இடத்துக்கு அந்த வருடம் தகுதியான ஆள் இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். நான் ஆயுத அண்ணனைக் கேன்டீனில் பிடித்தேன். தட்டியது, விழுந்தது, ஒட்டியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "இத்த மேல வந்து சொல்றியா?" என்றேன். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உன் அக்கா கை நடுங்கலன்னு எனக்குத் தெரியும் நைனா. ஆனா எனக்கும் வூடு கீது, புள்ளைங்க கீது. நீயே சொல்லு" என்றார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் சில வருடங்களில் தேய்ந்துவிட்டது. பயந்தவன் மேல் எவ்வளவு நாள்தான் கோபப்படுவது. பயமே இல்லாமல் பொய் சொன்னவர் மேலேதான் அது குறையவில்லை.

அடுத்த முறை கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது அக்கா பேரை எடுத்துவிட்டார்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார்களாம். அதன் பிறகு மாதவரத்தில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட்டில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிற வேலைக்குப் போனாள். இன்றுவரை அங்கேதான். அங்கேயும் கான்ட்ராக்ட். வீட்டில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் பரண்மேல் போட்டுவிட்டாள். மரியம் அக்கா ஒருநாள் எதிர் மாடியிலிருந்து, "இன்னாடி, உன் பஸ்ஸு வந்துச்சா?" என்று கேட்டார், விஷயம் தெரியாமல். "வந்துச்சுக்கா. நிக்காம பூட்ச்சு" என்றாள்.

இந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அக்கா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. வேட்டி, கைத்தடி, கையில் ஆப்பிள் பை. இறங்கியவர் அந்தச் செயலாளர் என்று அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது, அக்காவுக்கு ஆகவில்லை. "வாங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

நலம் விசாரித்தார். மாதாவைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். கம்பெனியில் பழைய பொருள்களை வைத்து ஒரு அறை திறக்கப் போகிறார்களாம். ஓய்வு பெற்றவர் என்றாலும் விவரம் தெரிந்தவர் என்று அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்களாம். வெள்ளைக்காரன் பிஸ்டலைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்கள், அதற்கு முன்குறி இல்லை. அது அக்காவிடம் இருப்பதாக யாரோ சொன்னார்களாம்.

"அது குப்பைன்னு சொன்னீங்களே சார்" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அக்காவிடமே பேசினார். "ஒரிஜினல் பீஸ்மா அது. புதுசா ஒண்ணு செஞ்சு வெக்கலாம், ஆனா அது நல்லா இருக்காது. முன்குறி இல்லாத பிஸ்டல் ஒரு பிஸ்டலா, நீயே சொல்லு. அதை வெச்சு யார் என்ன சுட முடியும்?"

அக்கா டீ டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "அப்ப அன்னிக்கு என்னை மட்டும் எப்டி சார் சுடச் சொன்னீங்க?"

அவர் டீயைத் தொடவில்லை.

"அன்னிக்கு அது இருந்துதேம்மா."

"இருந்துச்சு சார். நகந்துகினே இருந்துச்சு. அத்ததான் சொன்னேன்."

"பழசை இப்பப் பேசி என்னம்மா ஆகப் போகுது? வேணும்னா கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ உன் பேரைப் போட்டுடலாம். இன்னார் அன்பளிப்புன்னு."

"அன்பளிப்பு வாணாம் சார். இது ஆடுதுன்னு அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிச்சு, யாரும் கேக்கலன்னு போடுங்க. இப்பவே எடுத்துக்கினு போங்க."

"அப்படியெல்லாம் போட முடியாதும்மா."

அக்கா எழுந்து மாதா சுரூபத்தின் அருகே போனாள். முன்குறியை எடுத்தாள். கொடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்து நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கையை நீட்டினார். அக்கா அவர் அருகே வரவில்லை. நின்ற இடத்திலேயே, வலது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, உள்ளங்கையில் அந்தத் துண்டை வைத்துக் காட்டினாள். "பாத்துக்கோங்க சார்" என்றாள்.

அவர் பார்த்தார். முதலில் துண்டைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். அக்காவுக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது, மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறாள். கை அசையவில்லை. அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் வரை அவள் அதை இறக்கவும் இல்லை. எனக்கு அவரிடம் சொல்வதற்குப் பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் இருந்தன, பல வார்த்தைகள் எழுதத் தகாதவை. அவற்றில் ஒன்றுகூட அப்போது தேவைப்படவில்லை.

"சரிம்மா" என்று எழுந்தார். ஆப்பிள் பையை மறந்துவிட்டுப் போகப் பார்த்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு, ஆட்டோ வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "உங்க அக்காவுக்கு ரொம்பக் கோபம்பா" என்றார், அதே மெதுவான குரலில். ஆமாம் சார் என்றேன். எனக்கும்தான் என்றேன்.

நான் திரும்பி வந்தபோது அக்கா ஆறிப்போன டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, துணியில் எண்ணெய் தொட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, துடைக்கிற நாள் அல்ல. ஆனாலும் துடைத்தாள். முன்குறியை மாதா காலடியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். லேசாக இடப்பக்கம் தள்ளியிருந்தது. திரும்பப் போய், விரல் நுனியால் அதை நடுவுக்கு நகர்த்தினாள்.